சிடி4 நல்லா இருக்கு, அப்புறம் எதுக்கு நெஞ்சுக்கு மாத்திரை?

எங்கள் ஊரில் தையல் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் சமீபத்தில் என்னிடம் கேட்ட கேள்விதான் தலைப்பு. அவருக்கு எச்ஐவி இருப்பது 2009இல் தெரிந்தது. காசநோய் வந்து ஆளே பாதியாகிப் போயிருந்த நேரத்தில் எடுத்த சோதனை அது. அன்றைக்கு அவருடைய சிடி4, அதாவது ரத்தத்தில் இருக்கும் ஒரு வகை எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை, நூறைக்கூடத் தொடவில்லை. இன்றைக்கு 600க்கு மேல் இருக்கிறது, ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பார்க்கும் வைரல் லோடு சோதனையில் கருவிக்கே சிக்காத அளவுக்கு வைரஸ் குறைந்துவிட்டது, மாத்திரையை ஒரு நாளும் விடுவதில்லை. போன தடவை ஏ.ஆர்.டி. (எச்ஐவிக்கான மருந்து) மையத்துக்குப் போனபோது அங்கிருந்த டாக்டர் கொலஸ்ட்ரால் பார்க்கச் சொல்லி, இசிஜி எடுக்கச் சொல்லி, ராத்திரி போட, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஒரு அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அண்ணனுக்குக் கோபமே வந்துவிட்டது. "நெஞ்சு வலின்னு ஒரு நாள் படுத்ததில்ல தம்பி. வைரஸே இல்லேன்னு ரிப்போர்ட் வருது. அப்புறம் எதுக்கு நெஞ்சுக்கு மாத்திரை?"

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன், டாக்டர் இல்லை. ஆனால் அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. கடையில் உட்கார்ந்து அவருக்குச் சொன்னதை, அவருடைய சம்மதத்தோடு, இன்னும் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். எச்ஐவி என்றாலே "எதிர்ப்புச் சக்தி போயிடும்" என்ற ஒற்றை வரியோடு நம் ஊரில் பேச்சு முடிந்துவிடுகிறது. பள்ளிப் பாடத்திலும் அதுதான், பேருந்து நிலையச் சுவரிலும் அதுதான். அந்த வரி உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அழிவது ஒரு பக்கம் நடக்கும்போதே, மிச்சம் இருக்கிற எதிர்ப்புச் சக்தி ஓய்வே இல்லாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது, அந்த ஓயாத வேலையின் விலையை ரத்தக்குழாய்களும் இதயமும் கொடுக்கின்றன. மாத்திரை வந்து மனிதர்கள் அறுபது, எழுபது வயது வரை வாழத் தொடங்கிய பிறகுதான் இந்த இரண்டாவது பாதி கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது.

சிடி4இலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அண்ணன் மாதிரி எத்தனையோ பேர் அந்த எண்ணைப் பரீட்சை மார்க் போலச் சொல்வார்கள், அது எதை எண்ணுகிறது என்று மட்டும் யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஊதா மூடி போட்ட குழாயில் ரத்தம் எடுக்கிறோம் அல்லவா, அதற்குள் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து தடவியிருக்கும். அதிலிருந்து கொஞ்சம் எடுத்து, சிடி4 என்ற புரதத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் ஒளிரும் சாயத்தைக் கலந்து, கருவிக்குள் விட்டால், லேசர் ஒளியில் அணுக்கள் ஒவ்வொன்றாகக் கடந்துபோகும்போது சாயம் ஒட்டியவற்றைக் கருவி எண்ணும். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில், அதாவது ஊசி முனையில் நிற்கிற ஒரு துளியில், ஆரோக்கியமான ஒருவருக்கு ஏறக்குறைய 500 முதல் 1,500 வரை இருக்கும். மாதிரியை நாள் கணக்கில் வைத்திருக்க முடியாது, அணுக்கள் உயிரோடு முழுசாக இருக்கும்போதே எண்ணியாக வேண்டும், ஃபிரிட்ஜிலும் வைக்கக் கூடாது.

இந்த அணுக்கள் வெள்ளையணுக்களில் ஒரு வகை, உதவி டி அணுக்கள் என்று பெயர். இவை தாமாக எந்தக் கிருமியையும் பெரிதாகக் கொல்வதில்லை. உள்ளே வந்திருப்பது என்ன என்று அடையாளம் கண்டு, எதிர்ப்பொருள் தயாரிக்கும் பி அணுக்களுக்கும், தொற்றிய அணுக்களைக் கொல்லும் இன்னொரு வகை டி அணுக்களுக்கும், கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ்களுக்கும் வேதிச் செய்தி அனுப்பி வேலையை முடுக்கிவிடுவது இவைதான். அதனால் இவை குறைந்தால் எதிர்ப்பு மொத்தமும் திசை தெரியாமல் நிற்கும். எச்ஐவி சரியாக இவற்றையே பிடிப்பது யாருடைய துரதிர்ஷ்டமும் இல்லை, அந்த வைரசின் அமைப்பே அப்படி. அதன் மேலுறையில் இருக்கும் ஜிபி120 என்ற புரதம் சிடி4 புரதத்தோடு பொருந்துகிறது, பிறகு சிசிஆர்5 அல்லது சிஎக்ஸ்சிஆர்4 என்ற இரண்டாவது புரதத்தையும் பிடிக்கிறது, அப்புறம்தான் உள்ளே நுழைகிறது. இந்த சிசிஆர்5 பிறவியிலேயே இல்லாத ஒருவரின் எலும்பு மஜ்ஜை அணுக்களைப் பெற்றுத்தான் திமோதி ரே பிரவுன் என்ற அமெரிக்கர் பெர்லினில் குணமானார், எச்ஐவியிலிருந்து முற்றிலும் விடுபட்ட முதல் மனிதர் அவர். அது அவருக்கு வந்த ரத்தப் புற்றுநோய்க்காகச் செய்த சிகிச்சை. உயிரைப் பணயம் வைக்கிற அந்தச் சிகிச்சையை எல்லோருக்கும் செய்ய முடியாது.

உள்ளே நுழைந்ததும் வைரஸ் தன்னிடம் இருக்கும் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றி எழுதி, அதை நம் அணுவின் டிஎன்ஏவுக்குள்ளேயே சேர்த்துவிடுகிறது. இதுதான் எல்லாச் சிக்கலுக்கும் வேர். அதற்குப் பிறகு அந்த அணு வைரஸ் செய்யும் பட்டறை ஆகிவிடும், அல்லது சத்தமில்லாமல் வருஷக்கணக்கில் தூங்கும். தூங்குகிற அணுவை மாத்திரையாலும் தொட முடியாது, எதிர்ப்புச் சக்தியாலும் கண்டுபிடிக்க முடியாது. வைரல் லோடு இல்லை என்று ரிப்போர்ட் வந்த பிறகும் மாத்திரையை ஆயுள் முழுக்கப் போடச் சொல்வது இதனால்தான். நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலேயே வைரஸ் திரும்பிவிடும். சிகிச்சை இல்லாத ஒருவரின் உடலில் ஒரு நாளைக்கு 1,000 கோடி என்ற அளவில் புது வைரஸ் உருவாகிறது என்று 1990களின் நடுவிலேயே கணக்குப் போட்டுச் சொன்னார்கள். வெளியே அவர் சாதாரணமாக வேலைக்குப் போய் வந்துகொண்டிருப்பார்.

சிடி4 அணுக்கள் எப்படிச் சாகின்றன என்பதில் ஒரு விஷயம் எனக்கு இப்போதும் வியப்பாக இருக்கும். வைரஸ் உள்ளே பெருகி, அணு வெடித்துச் சாகிறது என்றுதான் நாங்கள் படித்தோம். நிணநீர்த் திசுக்களில் பார்த்தால், சாகிற அணுக்களில் பெரும்பாலானவை முழுசாகத் தொற்றுக்கு ஆளானவையே இல்லை. வைரஸ் நுழைந்து பாதியில் தோற்றுப்போன அணுக்கள் அவை. உள்ளே கிடக்கும் அரைகுறை வைரஸ் டிஎன்ஏவை அணு மோப்பம் பிடித்து, ஆபத்து என்று முடிவெடுத்து, தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. அதுவும் அமைதியாக இல்லை. வீங்கி வெடித்து, உள்ளிருக்கும், அழற்சியை (திசுவில் சூட்டையும் வீக்கத்தையும்) மூட்டும் வேதிப்பொருள்களை வெளியே கொட்டுகிறது. அந்த அழற்சியைப் பார்த்து இன்னும் சிடி4 அணுக்கள் அங்கே ஓடி வருகின்றன. வந்தவற்றுக்கும் அதே கதி.

இது எங்கே அதிகம் நடக்கிறது தெரியுமா? குடலில். நம் ஊசியில் வருகிற ரத்தத்தில் இருப்பது உடலின் மொத்த டி அணுக்களில் மிகச் சிறு பகுதிதான், குடல் சுவரை ஒட்டி ஏராளமாக இருக்கின்றன, அங்கே இருப்பவற்றில் சிசிஆர்5 வேறு நிறைய. தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களிலேயே குடலின் சிடி4 அணுக்கள் பெருமளவு காலியாகிவிடுகின்றன. அந்தச் சமயத்தில் அவருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, நெறி கட்டுதல், உடம்பில் சிவப்புத் தடிப்பு என்று ஏதாவது வந்து ஒன்றிரண்டு வாரத்தில் போயிருக்கும், வைரஸ் காய்ச்சல் என்று பாராசிட்டமால் போட்டுக்கொண்டிருப்பார். அந்தக் குடல் சேதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இதயத்துக்குப் போகும்போது அது வேண்டும்.

உடலும் சும்மா இருப்பதில்லை. எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. வைரஸ் மேலுறையை மாற்றிக்கொண்டே இருப்பதால் அந்த எதிர்ப்பொருள் அதைத் துடைத்துப் போட முடிவதில்லை, ஆனால் நமக்குக் காட்டிக் கொடுக்கிறது. எச்ஐவி சோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் விரலில் குத்தியோ, ஊசியில் ரத்தம் எடுத்தோ செய்யும் சோதனை பெரும்பாலும் இந்த எதிர்ப்பொருளைத்தான் தேடுகிறது. இந்தியாவில் முதன்முதலாக இதைத் தேடிக் கண்டுபிடித்தது நம் சென்னையில்தான் என்பது எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்குப் பெருமை. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமனின் மாணவி செல்லப்பன் நிர்மலா, பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்தம் சேகரித்து, சீரத்தைப் பிரித்து, வைக்க வசதியில்லாமல் தன் வீட்டு ஃபிரிட்ஜிலேயே வைத்திருந்து, 1986 பிப்ரவரியில் ஐஸ் பெட்டியோடு ரயிலேறி வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். ஆறு மாதிரிகளில் எதிர்ப்பொருள் தெரிந்தது. நம் நாட்டில் அந்த நோய் வராது என்று பெரியவர்களெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு மாணவி ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகாவிட்டால் இன்னும் எத்தனை வருஷம் அப்படியே பேசிக்கொண்டிருந்திருப்பார்களோ.

சிகிச்சை இல்லாமல் விட்டால் ரத்தத்தில் சிடி4 வருஷத்துக்கு ஐம்பது, நூறு என்று இறங்கிக்கொண்டே போய், எட்டு, பத்து வருஷத்தில் பலருக்கு 200க்குக் கீழே வந்துவிடும். அந்தக் கட்டம்தான் எய்ட்ஸ். சாதாரணமாக நம்மை எதுவும் செய்யாத கிருமிகள் எல்லாம் அப்போது தலைதூக்கும். நாக்கில் வெள்ளைப் படலம், விழுங்க முடியாத வலி, நிமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சையால் நிமோனியா, கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை மூளை உறையில் ஏறித் தாங்க முடியாத தலைவலி, கண்ணில் சைட்டோமெகலோ வைரஸ் வந்து பார்வை போவது. இளம் வயதில் அக்கி வந்தாலே எச்ஐவி சோதனை செய்து பாருங்கள் என்று அனுபவமுள்ள டாக்டர்கள் சொல்வார்கள். இத்தனை இருந்தாலும் நம் நாட்டில் முதலில் வருவது காசநோய்தான். நம்மில் எத்தனையோ பேருடைய நுரையீரலில் காசநோய்க் கிருமி அடங்கிக் கிடக்கிறது, அதைச் சுற்றி வேலி போட்டு அடக்கி வைத்திருப்பதே சிடி4 அணுக்கள் நடத்துகிற வேலை. அவை போனால் வேலி போகிறது. காச நோயாளிகளுக்காக 1928இல் தொடங்கிய தாம்பரம் சானடோரியம், பின்னாளில் எச்ஐவி சிகிச்சைக்கும் பெயர் போன இடமாக மாறியதற்கு இதுதான் காரணம். 2004 ஏப்ரலில் மத்திய அரசு இலவச ஏ.ஆர்.டி. மருந்தைத் தொடங்கியபோது முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று.

சரி, இப்போது அண்ணனின் நெஞ்சுக்கு வருவோம்.

குடல் சுவரில் காவல் இல்லாமல் போனதும் சுவரும் பலவீனமாகிறது. குடலுக்குள் இருக்க வேண்டிய பாக்டீரியாக்களின் துண்டு துணுக்குகள் ரத்தத்தில் கசிகின்றன. அவை முழுக் கிருமி இல்லை என்பதால் காய்ச்சல் வந்து படுக்க வைக்காது, ஆனால் எதிர்ப்பு அணுக்களுக்கு அவற்றைப் பார்த்தால் கிருமி வந்துவிட்டது என்றுதான் அர்த்தம். நாளெல்லாம், வருஷமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தால் எதிர்ப்பு அமைப்பும் நாளெல்லாம் வருஷமெல்லாம் விழித்தே இருக்கும். கிணற்றில் தண்ணீர் வருதோ இல்லையோ மோட்டாரை நிறுத்தாமல் ஓட விட்டால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் சூடேறிக்கொண்டே போகுமே, அதே கதைதான் உள்ளே. மாத்திரை போட்டால் இந்தச் சூடு நன்றாகவே தணிகிறது. ஆனால் முழுசாகத் தணிவதில்லை, அதிலும் அண்ணனைப் போல சிடி4 அடிமட்டத்துக்கு இறங்கிய பிறகு சிகிச்சை தொடங்கியவர்களுக்கு மிச்சம் கூடுதலாகவே இருக்கிறது.

ரத்தக்குழாயின் உட்புறம் ஒரே ஒரு அடுக்கு அணுக்களால் ஆனது, எண்டோதீலியம் என்பார்கள். வழுவழுப்பாக இருந்து ரத்தம் ஒட்டாமல் ஓட விடுவது, தேவைக்கேற்ப குழாயை விரிய வைப்பது எல்லாம் அதன் வேலை. அழற்சி நீடித்தால் அதன் மேற்பரப்பில் வெள்ளையணுக்கள் ஒட்டிக்கொள்ளும் புரதங்கள் முளைக்கின்றன. சும்மா ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும், ஏற்கெனவே உசுப்பேற்றப்பட்ட மோனோசைட் அணுக்கள் அங்கே ஒட்டி, சுவருக்குள் புகுந்து, அங்கிருக்கும் கொழுப்பை விழுங்கி ஊதிப்போய் உட்கார்ந்துவிடுகின்றன. கொழுப்புப் படிவு இப்படித்தான் தொடங்குகிறது. எச்ஐவி இல்லாதவருக்கும் இதே வழிதான், ஆனால் எச்ஐவி உள்ளவரிடம் படிவுகள் மென்மையாக, எளிதில் பிய்ந்துகொள்ளும் வகையில் இருப்பது ஸ்கேன்களில் அதிகம் தெரிகிறது. பிய்ந்தால் அந்த இடத்தில் ரத்தம் உறையும், இதயக் குழாயில் உறைந்தால் மாரடைப்பு, மூளைக்குப் போகும் குழாயில் உறைந்தால் பக்கவாதம். கூடவே, ரத்தம் உறையும் தன்மையும் கொஞ்சம் கூடியிருக்கிறது. டி டைமர் என்று ஒரு சோதனை, கொரோனா காலத்தில் எல்லோருக்கும் பழக்கமான பெயர், எச்ஐவி உள்ளவர்களில் அது உயர்ந்திருக்கும்போது இறப்பு அபாயமும் கூடுதலாக இருந்ததைப் பெரிய ஆய்வுகள் காட்டின. கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டு வருவதும் இவர்களிடம் சற்று அதிகம். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு, எச்ஐவி இல்லாதவரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதற்கு மேல் நாம் பிறந்த மண் வேறு, தெற்காசியர்களுக்கு எச்ஐவி இல்லாமலேயே மற்றவர்களைவிடச் சில வருஷம் முன்னதாக மாரடைப்பு வருகிறது.

இதயத்தின் சதையையும் சுற்றியுள்ள உறையையும் நோய் வேறு வேறு விதத்தில் தொடுகிறது. மருந்து இல்லாத காலத்தில் இதயத் தசை தளர்ந்து, இதயம் பெரிதாகி, மூச்சு வாங்கி வந்தவர்கள் நிறைய. காசநோய் இதய உறைக்குப் போய் அங்கே நீர் கோத்துக்கொள்வது நம் நாட்டிலும் ஆப்பிரிக்காவிலும் இன்றும் நடக்கிறது. இருநூறு பேரில் ஒருவர் என்ற அளவில் நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் கூடும் நோயும் வருகிறது, மாடி ஏறினால் மூச்சு வாங்குவதை ரத்தசோகை என்றோ வயசாகிவிட்டது என்றோ விட்டுவிடுவதால் அது பிடிபடுவதில்லை.

ரத்தசோகை என்றதும் நினைவு வருகிறது, நான் மேஜையில் அதிகம் பார்ப்பது அதுதான். எச்ஐவி சிகிச்சை இல்லாத பலரின் ரத்த எண்ணிக்கையில் ஹீமோகுளோபின் ஒன்பது, எட்டு என்று நிற்கும். வைரஸும் அழற்சியும் எலும்பு மஜ்ஜையின் வேலையைக் குறைக்கின்றன, அழற்சி இருக்கும்போது உடல் இரும்புச்சத்தை உள்ளே பூட்டி வைத்துக்கொள்கிறது, அதனால் இரும்பு மாத்திரை கொடுத்தாலும் ஏறாது. காசநோய் மஜ்ஜைக்குள் போயிருந்தாலும் குறையும். பிளேட்லெட்டும் குறையும், உடலின் எதிர்ப்பொருள்களே தவறாகப் பிளேட்லெட்டில் ஒட்டி அழித்துவிடுகின்றன. ஈறில் ரத்தம் வருகிறது என்று பல் டாக்டரிடம் போய், அங்கிருந்து சோதனைக்கு வந்து, கடைசியில் எச்ஐவி என்று தெரிந்தவர்கள் உண்டு. நல்ல செய்தி என்னவென்றால் இந்த எண்கள் ஏ.ஆர்.டி. தொடங்கிய சில மாதங்களில் பெரும்பாலும் தானாகவே ஏறிவிடும்.

அண்ணன் அடுத்துக் கேட்டது நான் எதிர்பார்த்ததுதான். "அப்ப இந்த மாத்திரைதான தம்பி எல்லாத்துக்கும் காரணம்? பதினஞ்சு வருஷமா சூடு மாத்திரை போட்டா நெஞ்சு என்னத்துக்கு ஆகும்?" அவர் அப்படி நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. அவர் தொடங்கிய காலத்தில் கொடுத்த ஸ்டாவுடின் கன்னத்துக் கொழுப்பைக் கரைத்துவிட்டது. கன்னம் ஒட்டி எலும்பு தெரிகிற அவர் முகம் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது, துணி அளவு கொடுக்க வருகிறவர்கள் "ஏன் இப்படி இளைச்சுட்டீங்க" என்று இப்போதும் கேட்கிறார்கள். பிறகு ஜிடோவுடினுக்கு மாற்றினார்கள், விரல் நகங்களில் கறுப்புக் கோடு விழுந்தது, துணியை இழுத்துப் பிடித்துத் தைக்கும்போது வாடிக்கையாளர் கண்ணில் படுமே என்று கையை மறைத்துக்கொண்டே தைத்த நாட்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அந்த மருந்து ரத்தசோகையையும் கொடுக்கும். பழைய புரோட்டியேஸ் தடுப்பு மருந்துகள் சில, கொழுப்பைக் கூட்டின. அபகாவிர் என்ற மருந்துக்கும் மாரடைப்புக்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன, இதய நோய் அபாயம் உள்ளவர்களுக்கு அதைத் தவிர்க்கிறார்கள். ஆக, மருந்துகளில் சில குற்றம் செய்தவைதான். ஸ்டாவுடினை இப்போது கொடுப்பதில்லை. அண்ணன் இப்போது போடுவது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை.

ஆனால் மாத்திரையை நிறுத்தினால் இதயத்துக்கு நல்லது என்று நினைப்பது அபாயமான தவறு, இதை நிறுத்திப் பார்த்தே சோதித்துவிட்டார்கள். ஸ்மார்ட் என்று ஓர் ஆய்வு, 2002இல் தொடங்கி 33 நாடுகளில் 5,472 பேரைச் சேர்த்தார்கள். ஒரு பாதிப் பேர் தொடர்ந்து மருந்து சாப்பிட்டார்கள். இன்னொரு பாதிப் பேருக்கு சிடி4 350க்கு மேல் இருந்தால் மருந்தை நிறுத்தி, 250க்குக் கீழே வந்தால் மறுபடி தொடங்கினார்கள். மருந்தின் பக்கவிளைவு குறையும், அதனால் இதய நோயும் குறையும் என்பதுதான் எதிர்பார்ப்பு. 2006 ஜனவரியில் ஆய்வை அவசரமாக நிறுத்த வேண்டியதாயிற்று. விட்டு விட்டுச் சாப்பிட்டவர்களிடம் எய்ட்ஸ் தொற்றுகளும் இறப்பும் மட்டும் கூடவில்லை, இதயம், சிறுநீரகம், கல்லீரல் சார்ந்த பெரிய நோய்களும் சேர்ந்து கூடியிருந்தன. வைரஸ் திரும்பிய கொஞ்ச நாளிலேயே டி டைமர் ஏறியது. மருந்தால் வரும் கெடுதலைவிட, வைரஸ் மூட்டிவிடும் அழற்சியால் வரும் கெடுதல் பெரிது என்பது அதற்குப் பிறகு சந்தேகமில்லாமல் போனது. சிடி4 எவ்வளவு இருந்தாலும் உடனே மருந்தைத் தொடங்குவது என்ற இன்றைய முறைக்கு, இந்தியாவில் அது 2017இலிருந்து நடைமுறை, ஸ்மார்ட் போட்ட அடித்தளமும் ஒரு காரணம்.

அப்படியானால் மீதிச் சூட்டை என்ன செய்வது? அங்கேதான் அந்த ராத்திரி மாத்திரை வருகிறது. ரிப்ரீவ் என்ற ஆய்வில், எச்ஐவிக்கு மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் 40 முதல் 75 வயது வரையிலான 7,769 பேரைச் சேர்த்தார்கள், இந்தியர்களும் அதில் இருந்தார்கள். இவர்கள் இதய நோயாளிகள் இல்லை, வழக்கமான கணக்குப்படி பார்த்தால் பெரும்பாலோருக்கு ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை தேவையே இல்லை என்று டாக்டர் அனுப்பிவிடுவார். பாதிப் பேருக்குத் தினமும் 4 மில்லிகிராம் பிடாவாஸ்டாட்டின், மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. 2023இல் முடிவு வெளியானது. ஸ்டாட்டின் எடுத்தவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் 35 சதவீதம் குறைவு. கொலஸ்ட்ராலை இறக்குவதோடு ரத்தக்குழாய் அழற்சியையும் ஸ்டாட்டின் கொஞ்சம் தணிக்கும். அண்ணனுக்கு எழுதிக் கொடுத்தது அதே குடும்பத்தைச் சேர்ந்த, இங்கே எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்கிற மாத்திரை. நெஞ்சு வலி வந்த பிறகு கொடுப்பதற்காக அல்ல அண்ணா, வராமல் இருக்கத்தான் என்று சொன்னேன். ஸ்டாட்டினால் சிலருக்குத் தசை வலி வரும், சர்க்கரை லேசாக ஏறலாம், அதையும் சொன்னேன், வந்தால் தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்பதையும்.

பீடியைப் பற்றிப் பேசியபோது அவர் முகம் திரும்பிவிட்டது. இருந்தாலும் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். ஒழுங்காக மருந்து எடுக்கும் எச்ஐவி உள்ளவர் புகைபிடித்தால், எச்ஐவியால் இழக்கும் ஆயுளைவிடப் புகையால் இழக்கும் ஆயுள்தான் அதிகம். டென்மார்க்கில் கணக்கெடுத்துச் சொன்ன விஷயம் இது. உயிரைப் பறிக்கும் என்று பயந்த வைரஸை வருஷக்கணக்கில் மாத்திரை போட்டு அடக்கி வைத்திருக்கிற மனிதர், ஒரு கட்டு பீடியிடம் தோற்கக் கூடாது என்று எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது.

இன்னொன்று, எனக்குக் கோபமும் வருத்தமும் வருகிற விஷயம். எச்ஐவி உள்ள பலர் இதய டாக்டரிடம் போனால் எச்ஐவியைச் சொல்வதில்லை. ஏன் சொல்ல மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அண்ணனே ஒரு தனியார் மருத்துவமனையில் பல் பிடுங்கப் போய், சொன்னதும் "இன்னிக்கு டாக்டர் இல்லை" என்று திருப்பி அனுப்பப்பட்டவர், டாக்டர் உள்ளேதான் இருந்தார். எச்ஐவியைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பது 2017இல் இயற்றி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி தடை செய்யப்பட்டது, தனியார் மருத்துவமனைக்கும் அது பொருந்தும், நோயாளியின் அனுமதி இல்லாமல் விஷயத்தை வெளியே சொல்வதும் கூடாது. சட்டம் இருக்கிறது என்பதை நம் ஆட்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும், ஏனென்றால் சொல்லாமல் மறைப்பது இதய விஷயத்தில் உயிருக்கே வினையாகலாம். முதல் மருந்து பலிக்காதவர்களுக்குக் கொடுக்கும் இரண்டாம் கட்ட மருந்தில் ரிட்டோனாவிர் இருப்பவருக்குச் சிம்வாஸ்டாட்டின் கொடுத்தால் அது ரத்தத்தில் பல மடங்கு ஏறித் தசையைச் சிதைத்துச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஸ்டென்ட் வைத்தவர்களுக்குக் கொடுக்கும் டிக்காக்ரலார் ரிட்டோனாவிரோடு சேரவே கூடாது. க்ளோபிடோக்ரெல் என்றால் அதன் வேலை குறைந்துபோகும். டாக்டருக்குத் தெரிந்தால் மாற்று மருந்து கொடுப்பார், தெரியாவிட்டால் எப்படிக் கொடுப்பார்?

அண்ணனுக்கு ரிட்டோனாவிர் இல்லை, அதனால் அந்தப் பயம் இல்லை. ஆனால் டோலுடெக்ராவிர் போடுகிறவர்களுக்கு வேறு இரண்டு விஷயம் இருக்கிறது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுத்தால் அதன் அளவு ரத்தத்தில் ஏறும், அதனால் ஒரு நாளைக்கு மொத்தம் 1,000 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வார்கள், சர்க்கரை டாக்டரிடம் இதைச் சொல்லியாக வேண்டும். இரண்டாவது, அண்ணனிடம் நானே பார்த்தது. அவர் கல்லாப் பெட்டிக்குள் நெஞ்செரிச்சலுக்கு வாங்கின ஜெலுசில் பாட்டிலும், வீட்டில் அண்ணி கொடுத்துவிட்ட இரும்பு மாத்திரை அட்டையும் இருந்தன. ராத்திரி சாப்பிட்டதும் ஏ.ஆர்.டி. மாத்திரையோடு சேர்த்தே எல்லாவற்றையும் முழுங்கிவிடுவாராம். ஜெலுசிலில் இருக்கும் அலுமினியமும் மெக்னீசியமும் டோலுடெக்ராவிரைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேர விடாது. அதனால் டோலுடெக்ராவிரை முதலில் போட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஜெலுசில், இல்லையென்றால் ஜெலுசில் குடித்து ஆறு மணி நேரம் கழித்து டோலுடெக்ராவிர். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் அதே இடைவெளிதான், சாப்பாட்டோடு போட்டால் மட்டும் இவை இரண்டையும் டோலுடெக்ராவிரோடு சேர்த்துப் போடலாம். அண்ணன் இப்போது ஏ.ஆர்.டி.யை ராத்திரி சாப்பிட்டதும், ஸ்டாட்டினைப் படுக்கும்போதும், ஜெலுசில் தேவைப்பட்டால் பகலிலும் வைத்துக்கொண்டிருக்கிறார். அடுத்த தடவை ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகும்போது எல்லா அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன். மூன்று மாதம் கழித்துக் கொலஸ்ட்ரால் பார்க்க வரும்போது வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்பதையும் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறார்.